‘இப்ப தெறந்திருக்கா?’ என்று ஃபோனைக் கேட்பவர்கள்

ஆபீஸ் சாவியை உங்களிடம் கொடுத்துவிட்டு வந்து ஏழெட்டு மாதம் ஆகிறது. புதிதாக இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள், குரல் தேடல் வேலையைப் பற்றி அவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். எழுதுகிறேன். ஆனால் எந்தக் கட்டத்தில் எதை நிரப்ப வேண்டும், எந்தக் குறியீட்டை எங்கே சேர்க்க வேண்டும் என்பதெல்லாம் இதில் இருக்காது. அவை அடிக்கடி மாறும். நான் இதை எழுதி முடிப்பதற்குள்ளேயே மாறிவிட்டால்கூட ஆச்சரியப்பட மாட்டேன். அந்த விஷயத்தில் நீங்கள் எனக்குச் சொல்லித் தர வேண்டிய நிலை.

புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் காரைக்குடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்தவள். தட்டச்சு மெஷின்களின் காலம் முடிந்ததும் கல்யாணப் பத்திரிகை அடிக்க ஒரு கம்ப்யூட்டர் வாங்கினேன். பத்திரிகை அடிக்க வந்த கடைக்காரர்கள், நெட்டில் எங்கள் கடையும் வருகிற மாதிரி ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்கத் தொடங்கினார்கள். அதையும் கற்றுக்கொண்டேன். ஊரில் பாதிப் பேருக்கு ஏ எஸ் டி எஃப் அடிக்கச் சொல்லிக் கொடுத்தவள் என்பதால், வெப்சைட் வேலைக்கு வந்த பிறகும் எல்லோருக்கும் நான் டீச்சர்தான்.

இப்போது ஜபருல்லா பாய் கதைக்கு வருகிறேன். அவர் கடையின் பக்கத்தை நீங்கள்தான் இப்போது பார்த்துக்கொள்கிறீர்கள். அந்தப் பக்கத்தில் நான் செய்த ஒரு தப்பு உங்களில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும்.

பாய் சவுதியில் ஓர் ஆஸ்பத்திரியில் மெஷின்களைப் பராமரிக்கும் வேலையில் பல வருஷம் இருந்தவர். ஊர் திரும்பி, கோட்டையூரில் மருத்துவ சாமான்களை வாடகைக்கு விடும் கடை வைத்தார். சக்கர நாற்காலி, ஏற்றி இறக்குகிற கட்டில், ஆக்சிஜன் மெஷின், சிலிண்டர். கடைக்கு ஒரு வெப்சைட்டும் இருந்தது. சென்னையில் படிக்கும் உறவுக்காரப் பையன் யாரோ செய்து கொடுத்தது. முழுக்க இங்கிலீஷ். முதல் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பார்.

“இவரு எதுக்குச் சிரிக்கிறாருன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கல டீச்சர்” என்றார் பாய். “நம்ம கடைக்கு வர்றவுக யாரும் சிரிச்சிக்கிட்டு வர்றதில்ல.”

அவருடைய குறை வேறு. மருமகன் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு, ஆக்சிஜன் மெஷின் வாடகைக்கு எங்கே கிடைக்கும் என்று கேட்டிருக்கிறான். அது காரைக்குடியில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கும் கடையைச் சொன்னதாம். அடுத்து மதுரையில் ஒன்றைச் சொன்னதாம்.

“கோட்டையூர்ல நான் ஒருத்தன் கடையத் தெறந்து வச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன்னு அதுக்குத் தெரியவே இல்ல டீச்சர். இங்குட்டு ஒரு மனுசன் இருக்கேன்னு அதுகிட்டச் சொல்லுங்க.”

முதல் வேலையாக ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அவர் கடையில் போய் உட்கார்ந்தேன். நான்கு நாள். ஃபோனில் கேட்பவர்கள், நேரில் வருபவர்கள், ஒவ்வொருவரும் வாயைத் திறந்ததும் என்ன சொல்கிறார்கள் என்று அப்படியே எழுதினேன். இந்த நான்கு நாள் வேலையை மட்டும் எந்தக் கருவியிடமும் விட்டுவிடாதீர்கள். ‘மருத்துவ உபகரணங்கள்’ என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஒருவர் வாக்கருக்கு வந்தார். அதன் பெயர் அவருக்குத் தெரியவில்லை. “காலு ஒடஞ்சவுக புடிச்சிக்கிட்டு நடப்பாகளே, நாலு காலு வச்ச கம்பி, அது இருக்கா?” என்றார். ஓர் அம்மா, “முதுகு புண்ணாகாம இருக்க ஒரு மெத்தை குடுப்பீகளாமே, உள்ள காத்து ஓடிக்கிட்டே இருக்குமாமே” என்றார். எல்லோரும் பொருளைப் பிறகுதான் சொன்னார்கள். முதலில் ஆளைச் சொன்னார்கள். மாமாவுக்கு வாதம் வந்துவிட்டது, அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டார்கள், அண்ணனுக்கு ஆபரேஷன் முடிந்து நாளைக்கு வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

தட்டச்சு செய்து தேடுகிறவர் தந்தி மாதிரி இரண்டு வார்த்தை அடிப்பார். வாயால் கேட்கிறவர், எதிரே கடைக்காரர் நிற்பதாக நினைத்துக்கொண்டு கேட்பார். அந்தக் கேள்விகளையே பக்கத்தில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் கீழே சிறிதாக ஒரு பதில் எழுதினேன். வெள்ளைக்காரரை மரியாதையாக அனுப்பிவைத்தேன்.

அடுத்தது, சரியாக வருகிறதா என்று பார்ப்பது. கடைக்குள் நின்று கேட்டால் ஃபோன் அந்தக் கடையைத்தான் சொல்லும். அது முகஸ்துதி. அதனால் டவுன் பஸ் ஏறிக் கோவிலூர் போனேன். பஸ் நிறுத்தத்தில் நின்று ஃபோனை வாயருகே பிடித்து, “வாக்கர் வாடகைக்கு எங்க கெடைக்கும்?” என்று கேட்டேன். ஃபோன் நடைப்பயிற்சி போகும் ஒரு பூங்காவுக்கு வழி சொன்னது. மறுபடி, “சக்கர நாற்காலி எங்க கெடைக்கும்?” என்று சத்தமாகக் கேட்டேன். பக்கத்தில் நின்ற ஒருவர், தன்னிடம் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

“கோட்டையூர்ல ஒரு பாய் கடை வச்சிருக்காரும்மா. நல்ல மனுசன். அங்குட்டுப் போங்க. யாருக்கு, வீட்டுக்காரருக்கா?”

அதே நேரத்தில் ஃபோன் மதுரைக் கடையின் விலாசத்தை வாசித்துக்கொண்டிருந்தது. அந்தச் சுற்றில் ஃபோன் தோற்றது. ஆனால் இரண்டு மாதத்தில் அதுவும் அந்த மனிதர் சொன்னதையே சொல்லத் தொடங்கியது. ஒன்றைத் தவிர.

“இப்ப தெறந்திருக்கா?” என்ற வார்த்தையைக் கேள்வியில் சேர்த்தால் மட்டும் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடை முன்னால் போய்விடும். நான் நோட்டில் எழுதி வைத்த கேள்விகளில் பாதிக்குமேல் அந்த வார்த்தையோடுதான் முடிந்திருந்தன. யாரும் வாக்கரை அடுத்த மாதத்துக்காகத் தேடுவதில்லையே.

பாய் கடையின் நேரம் நெட்டில் எங்குமே போடப்படாமல் இருந்தது. பாயிடம் கேட்டேன். “கடை எத்தனை மணிக்குத் தெறப்பீக, எப்ப மூடுவீக?”

“நம்ம கடைக்கு நேரம் ஏது டீச்சர்? யாரு எப்பக் கூப்பிட்டாலும் ஓடுவோம்ல. அரை மணியில வீட்டு வாசல்ல நிப்பேன்.”

அதை அப்படியே எழுதினேன். ‘எந்த நேரமும் திறந்திருக்கும். அழைத்தால் அரை மணி நேரத்தில் வீட்டுக்கே கொண்டுவருவோம்.’ கடையின் நேரத்தைக் குறிக்கும் இடத்திலும், வாரம் ஏழு நாளும் முழு நேரமும் என்று போட்டேன்.

நான் ஜபருல்லா பாயை முப்பது வருஷமாக அறிவேன். வெள்ளிக்கிழமை பகலில் ஷட்டரை இறக்கிவிட்டுத் தொழுகைக்குப் போவார். ஃபோனை அணைத்துவிடுவார். இது எனக்குத் தெரியாத விஷயமா? எழுதும்போது ஒரு நொடி அது மனத்தில் வந்தும் போனது. வாரத்தில் ஒன்றேமுக்கால் மணி நேரம்தானே என்று தட்டிவிட்டேன். தெரியாமல் செய்தேன் என்று உங்களிடம் சொன்னால் இந்தக் கடிதத்தை எழுதுவதில் அர்த்தமே இல்லை.

பத்து நாளில் ஃபோன் எங்களை முதலில் சொன்னது. பாய் எங்கள் ஆபீசுக்கு ஒரு பெட்டி அல்வாவோடு வந்தார்.

அதற்கு அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை. பகல் ஒரு மணி. நான் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். என் ஃபோன் அடித்தது. தெரியாத நம்பர்.

“ஆக்சிஜன் கடைதான?” என்றது ஒரு பெண் குரல்.

பாய் கடைப் பக்கத்தின் அடியில், ‘வடிவமைப்பு’ என்று போட்டு என் பெயரையும் நம்பரையும் பொடி எழுத்தில் சேர்த்திருந்தேன். நம் விளம்பரத்துக்காக. அந்தப் பொடி எழுத்து வரைக்கும் இறங்கி வந்து ஒருவர் கூப்பிடுகிறார் என்றால், அதற்கு மேலே இருந்த எதுவும் அவருக்கு உதவவில்லை என்று அர்த்தம். இது எனக்கு உடனே புரியவில்லை.

“கடை நம்பருக்கு அடிங்கம்மா” என்றேன்.

“ஆறு தடவை அடிச்சிட்டேங்க. அணைச்சு வச்சிருக்காக. தெறந்திருக்குன்னு ஃபோனு சொல்லுது. அரை மணியில வருவாகன்னு சொல்லுது. அமராவதிபுதூர்ல இருந்து பேசுறேன். எங்கப்பா ஆக்சிஜன் மிஷின்ல இருக்காக. கரண்டு போயி ஒரு மணி நேரம் ஆச்சு. கையில இருந்த சிலிண்டர்ல முள்ளு அடியில எறங்கிருச்சு. கொஞ்சம் சீக்கிரம் வரச் சொல்லுங்க.”

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பாய் தொழுகை முடிந்து வெளியே வர இன்னும் முக்கால் மணியாவது ஆகும்.

என் நாக்கில் முதலில் வந்த வார்த்தை, ‘இதோ வந்துருவாரும்மா.’ அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். வாடிக்கையாளரை விட்டுக்கொடுக்காமல் பேசிப் பேசியே பழகிய நாக்கு அது. பல வருஷப் பழக்கம். எந்த ஊரில் எந்தக் கடைக்கு வேலை பார்த்தாலும் இந்த நாக்கு உங்களுக்கும் வரும். அன்றைக்கு ஏனோ அதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டேன்.

“அப்பா பேசுறாகளா?”

அவள் திரும்பி அவரைப் பார்த்திருக்க வேண்டும்.

“இல்ல. இப்பப் பேசல. உதடு ஒரு மாதிரி நீலமா இருக்கு.”

“அம்மா, நல்லாக் கேளுங்க. நான் கடைக்காரி இல்ல. கம்ப்யூட்டர்ல கடை பேர எழுதிப் போடுறவ. கடை இப்ப மூடியிருக்கு. யாரும் வரப்போறதில்ல. இந்த ஃபோன வச்சிட்டு உடனே நூத்தியெட்டுக்கு அடிங்க. அவுக ஆக்சிஜனோட வருவாக.”

“தெறந்திருக்குன்னு சொல்லுச்சே...”

“அது நான் எழுதுனது. தப்பு. தெருப் பேர மட்டும் சொல்லிட்டு, இப்பவே அடிங்க.”

சொன்னாள். வைத்துவிட்டாள்.

அடுத்து யாரைக் கூப்பிடுவது? பக்கத்தில் சிலிண்டர் உள்ள இன்னொரு கடை ஒன்றுதான். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடை. இரண்டு மாதமாக அந்தக் கடைக்காரரின் வெப்சைட்டை வரி வரியாகப் படித்து, அவரை எப்படிக் கீழே தள்ளுவது என்று யோசித்துக்கொண்டிருந்தவள் நான். அவர் நம்பர் எனக்கு மனப்பாடம். பேசியதுதான் இல்லை.

என் பெயரைச் சொன்னதும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

“நீங்கதான பாய் கடைய முன்னால ஏத்திவிட்டது?”

“ஆமா. அதுக்குப் பெறகு திட்டுங்க. அமராவதிபுதூருக்கு ஒரு சிலிண்டர் போகணும். பாய் தொழுகையில இருக்காரு. ஒரு பெரியவருக்கு மூச்சு நிக்கப் போகுது.”

வண்டிச் சாவியை எடுக்கும் சத்தம் கேட்டது.

“தெருப் பேரு சொல்லுங்க.”

அவர் வண்டியை எடுத்த பிறகு கம்ப்யூட்டருக்குப் போனேன். டைப்ரைட்டிங் டீச்சரான நான், ஒரு வார்த்தையை மூன்று முறை தப்பாக அடித்தேன். ‘எந்த நேரமும்’ என்பதை அழித்தேன். கடை நேரத்தைச் சரியாகப் போட்டேன். வெள்ளிக்கிழமைக்குத் தனியாகப் போட்டேன். அரை மணிக் கணக்கையும் எடுத்தேன். அந்த நிமிஷத்தில் இன்னொருவர் வேறெங்காவது அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கலாம் என்பது மட்டும்தான் மனத்தில் ஓடியது. முதலிடம் போய்விடுமே என்று தோன்றவில்லை. அது மறுநாள் தோன்றியது, உண்மையைச் சொன்னால்.

ஆம்புலன்ஸும் அந்தக் கடைக்காரரின் வண்டியும் முன்னே பின்னே போய்ச் சேர்ந்தன. பெரியவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். சாயங்காலம் கடைக்காரரே எனக்கு ஃபோன் செய்தார்.

“பொழச்சிக்கிட்டாரு டீச்சர். இப்பக் கண்ணு முழிச்சிப் பாக்குறாராம்.”

நான் நன்றி சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் நிறுத்தினார்.

“ஒண்ணு கேக்கணும். நான் ஒன்பதுல இருந்து எட்டு வரைக்கும்னுதான் போட்டிருந்தேன். என் கடை அந்த நேரந்தான் தெறந்திருக்கும். அதுனாலதான நான் ரெண்டாவதாப் போனேன்?”

“ஆமா.”

“அப்ப நான் என்ன தப்பு செஞ்சேன்?”

இத்தனை வருஷத்தில் தொழிலைப் பற்றி என்னிடம் எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். இதை யாரும் கேட்டதில்லை. “எதுவும் செய்யல” என்றேன். “சரி” என்று வைத்துவிட்டார்.

ஜபருல்லா பாயிடம் அன்றைக்கே போய்ச் சொல்லியிருந்தேன். தொழுகை முடிந்து அவர் வந்து ஷட்டரைத் தூக்கும்போது நான் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அவருடைய வாடிக்கையை அடுத்த கடைக்குத் திருப்பிவிட்டதைப் பற்றிக் கோபப்படுவார் என்று நினைத்து, அதற்கு ஒரு சமாதானமும் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பெரியவர் எப்படி இருக்கிறார் என்று மூன்று முறை கேட்டார். பிறகு என் ஃபோனை வாங்கி, நான் அழித்த வரி எங்கே இருந்தது என்று கேட்டுப் பார்த்தார்.

“எந்த நேரமும்னு நான்தான் சொன்னேன். இல்லங்கல. ஆனா அது சும்மா ஒரு பேச்சு டீச்சர். உங்க மொகத்தப் பாத்துச் சொன்னது. வெள்ளிக்கெழமை இருக்க மாட்டேன்னு உங்களுக்குத் தெரியும்னு நெனச்சுச் சொன்னது. நீங்க அத ஊரு முழுக்கக் கேக்குற மாதிரி வச்சிட்டீக.”

ஷட்டர் பாதியில் நின்றது. அவர் மேலே தூக்கவில்லை.

“நான் அங்க தொழுகையில நின்னுக்கிட்டிருக்கேன். இங்குட்டு என் பேருல ஒரு பொய் ஓடிக்கிட்டிருந்திருக்கு.”

அவர் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு நடந்தது நீங்கள் எதிர்பார்ப்பதுதான். சில நாளில் ஃபோன் எங்களை இரண்டாவதாகச் சொன்னது. அப்புறம் சில கேள்விகளுக்கு மூன்றாவது. பாயின் மருமகன் என்னிடம் வந்து, “வெள்ளிக்கெழமை மட்டும் என்னயக் கடையில உக்கார வைக்கச் சொல்லுங்க டீச்சர், பழசையே போட்டுருவோம்” என்றான். அவனும் அதே பள்ளிவாசலில் அதே வரிசையில் நிற்பவன். பாய் கேட்டுவிட்டு, “நீ தொழுகைக்கு வா” என்றார். பேச்சு முடிந்தது. ஆனால் மெதுவாக, ‘காத்து ஓடுற மெத்தை’, ‘நாலு காலு கம்பி’ என்று கேட்டவர்களிடம் எல்லாம் ஃபோன் எங்கள் பெயரைத்தான் சொன்னது. அவை நான்கு நாள் உட்கார்ந்து எழுதியவை. அவற்றை யாரும் எங்களிடமிருந்து பறிக்கவில்லை.

பெரியவர் வீடு திரும்பிவிட்டார் என்று தெரிந்ததும், போய்ப் பார்க்க வேண்டும் என்று பாய் சொன்னார். எனக்குப் பயமாக இருந்தது. போனோம். அமராவதிபுதூரில் ஓட்டு வீடு. கூடத்தில் கட்டில். பக்கத்தில் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. பெரியவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். மூக்கில் குழாயோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஃபோனில் பேசிய மகளின் பெயர் பொற்கொடி. தபால் ஆபீசில் வேலை. எங்களை உட்காரச் சொன்னாள், ஆனால் சிரிக்கவில்லை.

பாய்தான் முதலில் பேசினார். “தப்பு எங்க மேலதாம்மா.”

“பாய் மேல இல்ல. எழுதுனது நான்” என்றேன்.

பொற்கொடி என் பக்கம் திரும்பினாள்.

“ஒரு கடையில போய் நின்னு, ‘இருக்கு, அரை மணியில வருவோம்’னு ஒரு ஆளு சொன்னா, அவரு மொகத்தப் பாப்பேன். இழுத்துச் சொல்றாரான்னு தெரியும். பொய்யின்னா அடுத்த கடைக்குப் போயிருவேன். ஃபோனுக்கு மொகமில்லைல்ல? ஒரே ஒரு பதிலச் சொல்லுச்சு. அதுவும் அவ்வளவு தெளிவாச் சொல்லுச்சு. நம்பிட்டேன். தெறந்துதான இருக்கு, இப்ப எடுத்துருவாக, வந்துருவாகன்னு மறுபடி மறுபடி அடிச்சிக்கிட்டு, அப்பா கையப் புடிச்சிக்கிட்டு இருவது நிமிசம் உக்காந்திருந்தேன். நூத்தியெட்டு எனக்குத் தெரியாத நம்பரா? ஞாபகத்துக்கே வரல.”

நான் இந்தத் தொழிலைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். குரல் தேடல் என்றால் என்ன என்று இவ்வளவு சரியாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. எழுத்தில் தேடினால் பத்துக் கடை வரும். ஆள் ஒப்பிட்டுப் பார்ப்பார். வாயால் கேட்டால் ஒன்றுதான். அந்த ஒன்றாக ஆவதற்காகத்தான் நம்மைக் கூலிக்கு வைக்கிறார்கள். ஆகிவிட்ட பிறகு, கேட்கிறவர் வேறெங்கும் பார்க்க மாட்டார். அவர் கேட்பது கடைக்காரரின் குரலும் இல்லை, ஃபோனின் குரலும் இல்லை. மூலையில் உட்கார்ந்து ஒரு கட்டத்தை நிரப்பிய உங்கள் குரல். அதனால் கட்டத்தை நிரப்பும்போது ஒரு நொடி மனத்தில் ஏதாவது வந்து போனால், தட்டிவிடாதீர்கள். அந்த நொடியில் கையை எடுத்துவிட்டுக் கடைக்காரருக்கு ஒரு ஃபோன் போடுங்கள்.

ஜபருல்லா பாயின் பக்கத்தில், ஆக்சிஜன் பகுதிக்கு மேலே மூன்று வரிகள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ரொம்பச் சாதாரணமாக, மொட்டையாக இருக்கிறது, கம்பெனிக்குத் தகுந்த மாதிரி மாற்றலாமா என்று உங்களில் ஒருவர் போன மாதம் கேட்டார். அவை எப்படி வந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அன்றைக்கு அந்த வீட்டில், நான் ஏற்கெனவே எழுதி வைத்திருந்த திருத்தத்தை வாத்தியாருக்கு வாசித்துக் காட்டினேன். ‘வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ தொழுகையை முன்னிட்டு, நண்பகல் பன்னிரண்டே கால் மணி முதல் இரண்டு மணி வரை எங்கள் நிறுவனத்தின் சேவைகள் தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும் என்பதை மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்குப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.’

வாத்தியார் கையைத் தூக்கினார். “எனக்கு... மூச்சு வாங்குது” என்றார்.

பொற்கொடி பதறி எழுந்தாள். அவர் தலையாட்டி, என் ஃபோனைக் காட்டினார். “இதக் கேட்டு.”

முதல்முறையாகப் பொற்கொடி சிரித்தாள். பாயும் சிரித்தார். நான்தான் கடைசி.

“எழுதிக்கங்க” என்றார் வாத்தியார். அவர் ஒரே மூச்சில் மூன்று நான்கு வார்த்தைதான் பேச முடியும். அதற்குமேல் ஒரு வார்த்தை சேர்ந்தாலும் நின்று இழுக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு வார்த்தையையும் தேவையா என்று பார்த்துத்தான் எடுத்தார். கண்ணை மூடி யோசிப்பார். சொல்வார். மெஷினின் சத்தத்தில் கொஞ்ச நேரம் இளைப்பாறுவார். அடுத்ததைச் சொல்வார். மூன்று வரிக்கு ஐந்து நிமிஷம் ஆனது. அவர் சொல்லச் சொல்ல ஃபோனில் அடித்தேன்.

வெள்ளிக்கிழமை பகலில் கடை மூடியிருக்கும்.
மூச்சு முட்டினால் எங்களுக்காகக் காத்திருக்காதீர்கள்.
உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

வாசித்துக் காட்டினேன். எங்களுக்காகக் காத்திருக்காதீர்கள் என்று எந்தக் கடைக்காரர் தன் கடைப் பக்கத்தில் எழுதிக்கொள்வார்? பாய் முகத்தைப் பார்த்தேன். வாத்தியாரும் அவரைத்தான் பார்த்தார்.

“இதுல... பொய் ஏதும் இருக்கா?”

பாய் என் கையிலிருந்து ஃபோனை வாங்கினார். உதட்டை அசைத்து ஒவ்வொரு வரியாகத் தனக்குள் படித்தார். இரண்டாவது வரியில் கொஞ்சம் நின்றார். பிறகு மூன்றாவதையும் படித்தார்.

“இல்ல சார்.”

“அப்ப ஏத்துங்க” என்றார் வாத்தியார்.